ஒரு சொளவு தவிடு

ஏம்மா, கோவிச்சுக்கிடாத. பாப்பா அழுதா ரெண்டு அடி வேணும்னாலும் போடு. முட்டாய் வாங்கிக் குடு. இல்ல, அழுது ஓயட்டும்னு விட்டுரு. "உன்னையத் தவிட்டுக்குத்தான வாங்குனேன், எறங்கிப் போ"ன்னு மட்டும் சொல்லாத. அந்த ஒத்த வார்த்தைய மட்டும் சொல்லாத தாயி. வெளையாட்டுக்குச் சொன்ன, எனக்குத் தெரியாதா? எல்லாரும் வெளையாட்டுக்குத்தான் சொல்லுதாக. எங்க தெருவுல சொல்லாத ஆளே கிடையாது. நான் வெளையாட்டுக்கு வாங்கல, பாத்துக்கோ. நெசமாவே வாங்குனேன். ஒரு சொளவு, மொறம்னு சொல்லுவியளே, அது நெறைய தவிடு. மில்லுல போய் நானே அள்ளிட்டு வந்த தவிடு.

முழிக்காத, சொல்லுதேன். இந்த வண்டி உருட்டுற உருட்டுக்குச் சங்கரன்கோவில் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். நீயும் அங்கனதான எறங்குத? நல்லதாப் போச்சு. யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

முன்னால பாரு. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, சன்னலோரம், நீலச் சட்ட. கழுத்து மட்டும் தெரியுதுல்லா? அவன்தான். பேரு பிச்சைக்கனி. வாற ஆவணி வந்தா பதினெட்டு முடியுது. பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். மனசுக்குப் பாக்குற எடம். பைத்தியம்னு நெனச்சிராத, ஆமா. மருந்துகூட ஒத்த மாத்திரதான். மத்தபடி உக்கார வச்சுப் பேசுதாக. வாராவாரம் செவ்வாக்கெழம. இன்னைக்குப் பன்னெண்டாவது வாரம்.

எனக்கு அவன் என்ன வேணும்னு கேக்கியா?

அதத்தானம்மா எல்லாரும் கேக்காக. கண்டக்டர் கேட்டாரு, நர்சு கேட்டா, ஆபீசருக வந்து கேட்டாக. கடைசில அவனே கேட்டுட்டான். கொஞ்சம் கிட்ட வா. இன்னும் கிட்ட. பெத்தவ நான்தான். இந்த வயித்துலதான் கெடந்தான். சத்தமாச் சொல்ல மாட்டேன். அவன் என்னைய "அத்த"ன்னுதான் கூப்பிடுவான். நான் அவன "ஏ தம்பி"ம்பேன், இல்லாட்டி "ஏலே"ம்பேன். ஒரே வண்டியில வந்தாலும் நாலு சீட்டு தள்ளித்தான் உக்காருவேன். கண்ணு மட்டும் அவன் மேலயே இருக்கும். கழுத்து ஆடுதா, தல சாயுதான்னு பாத்துக்கிட்டே வருவேன்.

உனக்குக் கிறுக்கான்னு கேக்கப் போற. கேளு. ஆனா முழுசாக் கேட்டுட்டுக் கேளு.

இப்ப நீ பாப்பாவ "என் ராசாத்தி, என் தங்கம்"னு கொஞ்சுதியே, நானும் அப்படித்தான் கொஞ்சிக்கிட்டுத் திரிஞ்சேன். மூத்தவன் செந்தில்வேல். தெரு நடுவுல நின்னு "என் மவனே, என் ராசா, சோறு திங்க வாடா"ன்னு ஒரு சத்தம் போட்டேன்னா அம்புட்டுத் தறிச் சத்தத்தையும் மீறிக் கடைசி வீட்டுல கேக்கும். வேணும்னே சத்தமாத்தான் கூப்பிடுவேன். பெரும, வேற என்ன? நாலு வயசு. மூணு நாள் காய்ச்சல். நாலாவது நாள் மத்தியானம் பால் சோறு பெசஞ்சு வச்சது வச்சபடியே இருந்துச்சு, பய போயிட்டான். அடுத்தது ஒரு பொட்டப்பிள்ள. அதுக்குப் பேரு வைக்கக்கூட விடல. இருபத்தி ரெண்டே நாளு.

டாக்டரு மூளைக் காய்ச்சல்னாரு. ரெண்டாவதுக்கு எதயத்துல ஓட்டன்னாரு. அவரு படிச்சது அம்புட்டுதான். நான்தானம்மா காட்டிக் குடுத்தேன். நான் போட்ட சத்தம் எமன் காதுல விழுந்துச்சு. ஓஹோ, இங்கன ஒருத்தி இம்புட்டு ஆசையா ஒண்ண வச்சிருக்காளான்னு வந்துட்டான். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா செந்திலுக்கு இன்னைக்கு இருபத்தஞ்சு வயசு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருப்பேன்.

பாப்பாவ மெதுவாக் கூப்பிடும்மா. கொஞ்சு, வேண்டாம்னு சொல்லல. மெதுவா.

மூணாவதா இவன் பிறந்தான். பக்கத்து வீட்டுல மாடத்தி மதினின்னு ஒருத்தி. நாலு பெத்து நாலும் குத்துக்கல்லாட்டம் நிக்கி. அவதான் வழி சொன்னா. "ஆவுட, இத நீ பெத்ததா வச்சிக்கிடாத, வாங்குனதா வச்சிக்கோ"ன்னா. பத்தாம் நாளு பிள்ளையச் சொளவுல போட்டுக் குப்பமேட்டுல வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். மதினி போய், "அடி ஆத்தி, யாரு பெத்த பிள்ளையோ அநாதையாக் கெடக்கே"ன்னு ஊரு கேக்கச் சத்தம் போட்டு எடுத்துக்கிட்டா. சாயங்காலம் நான் போனேன். "மதினி, உங்ககிட்ட ஒரு பிள்ள இருக்காமே, எனக்குத் தாரியளா?" "தவிடு கொண்டா, தாரேன்." குடுத்தேன். வாங்குனேன். அவ்வளவுதான், அப்ப அது நான் பெத்தது இல்லேல்லா? குப்பையில கெடந்தது, தவிட்டுக்கு வந்தது. அதப் போயி எமன் எதுக்குத் தூக்கப் போறான்? பிச்சையா வந்ததுனால பிச்சைக்கனின்னு பேரு வச்சு மூக்கும் குத்தியாச்சு.

மத்தவுக இதோட விட்டுருவாக. சடங்கு முடிஞ்சிட்டுன்னு பிள்ளையத் தூக்கி மடியில போட்டுக் கொஞ்ச ஆரம்பிச்சிருவாக. நான் விடல. ரெண்ட வாரிக் குடுத்தவல்லா நான்? எமன ஒருநாள் ஏமாத்துனாப் போதுமா, தெனமும்லா ஏமாத்தணும். அவனுக்குப் பேச்சு வந்ததும் மதினிய "அம்மா"ன்னு சொல்லிக் குடுத்தேன். என்னைய "அத்த"ன்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவ, ரெண்டு வயசுல, அவனாவே என்னையப் பாத்து "ம்மா"ன்னுட்டான். வாயிலயே ஒண்ணு வச்சேன். அதுக்கப்புறம் சொல்லவே இல்ல.

அவனுக்குக் காய்ச்சல் வந்தா மதினிதான் அவ வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்துல படுப்பா. நான் வாசப்படியத் தாண்ட மாட்டேன். அங்கனயே நின்னு அவன் மூச்ச எண்ணுவேன். ஆயிரம் வரைக்கும் எண்ணிட்டு மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவேன். கஞ்சி வச்சு மதினி கையில குடுத்து விடுவேன், கசாயம் குடுத்து விடுவேன். இந்தத் தெருவுல எந்த ஆத்தாக்காரி பிள்ளைய இம்புட்டுக் கருத்தாப் பாத்தா, சொல்லு. ஒரு தடவ கூட அவன் ஆஸ்பத்திரியில படுத்தது கிடையாது. பதினேழு வருசம் கண்ணுல வச்சுக் காப்பாத்துனேன்.

எங்க வீட்டுக்காரவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. தறியில நின்னு நின்னு காது கொஞ்சம் மந்தம். வாயும் மந்தம்.

அவனுக்குப் பன்னெண்டு வயசு ஆனப்ப மாடத்தி மதினி ஒரு சொளவுல தவிட்ட அள்ளிக்கிட்டு வந்து நின்னா. "இந்தா ஆவுட, நீ குடுத்ததத் திருப்பிக் குடுத்துட்டேன். கணக்குத் தீந்துச்சு. பிள்ளைய இனி அம்மான்னு கூப்பிடச் சொல்லு. அவன் என்னையக் கூப்பிடும்போது உன் மூஞ்சியப் பாக்க முடியல"ன்னா. நான் வாங்கல. "இன்னும் ரெண்டு வருசம் போகட்டும் மதினி"ன்னு சொளவத் திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டு வருசம் கழிச்சும் வந்தா. அப்பவும் அனுப்பிட்டேன். அவளுக்கு என்ன, நாலு நிக்கி. எனக்கு ஒண்ணு.

போன தை மாசம் மதினி செத்துட்டா. அங்கனதான் புடிச்சிது சனியன்.

இவன் பாலிடெக்னிக்குல ரெண்டாவது வருசம், ஆஸ்டல்ல தங்கிப் படிச்சான். சேதி கேட்டு ஓடி வந்தான். மதினி பிள்ளைக நாலு பேரும் மொட்ட போட உக்காந்தப்ப அஞ்சாவது ஆளா இவனும் போய்ச் சட்டயக் கழத்திட்டு உக்காந்துட்டான். எனக்கு உசிரே போச்சு. பெத்தவ நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன், இவன் அம்மா செத்ததுக்குன்னு மொட்ட போடுதானே! ஆனா அத வாயால சொல்ல முடியுமா? கையப் புடிச்சு இழுத்தேன். "நீ யாருலே அவளுக்கு? எந்திரி, உனக்கு இங்கன என்ன உரிம?"ன்னேன். ஊரே பாக்குது. அவன் எந்திரிச்சு என்னைய ஒரு பார்வ பாத்தான் பாரு. "அப்ப எனக்கு யாரு செத்துருக்கா?"ன்னு கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். நான், "போலே, போய்க் கால் கழுவிட்டு வீட்டுக்கு வா"ன்னேன்.

அவன் வீட்டுக்கு வரல. நேரா ஆஸ்டலுக்குப் போயிட்டான்.

இருக்கானா பாரு. சன்னல்ல தல சாச்சிருக்கான். தூங்குதானோ, என்னமோ.

காலேஜுல ஒரு நம்பர் ஒட்டி வச்சிருக்காக. மனசு சரியில்லாத பிள்ளைக அதுல பேசலாமாம். எந்தப் பெரிய பட்டணத்துல இருந்தோ ஒரு பொண்ணு பேசும். நல்ல பொண்ணுதான், கொற சொல்லக் கூடாது. ஆனா நம்ம பக்கத்துச் சங்கதி அதுக்கு என்ன தெரியும்? இவன் அதுகிட்ட, "என்னைக் குப்பையில இருந்து எடுத்து ஒரு சொளவு தவிட்டுக்கு வித்துட்டாங்க"ன்னு சொல்லியிருக்கான். அது பதறிப் போச்சு. "யாரு வித்தா? யாரு வாங்குனா? உன்னப் பெத்தவங்கள நீ தெரிஞ்சிக்கிட உரிம இருக்கு தம்பி"ன்னு சொல்லி, அது மேல உள்ளவுககிட்டச் சொல்லி, அவுக அதுக்கு மேல சொல்லி, ஒருநாள் காலையில ரெண்டு ஆபீசருக எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காக. "நீங்க கொழந்தைய வெலைக்கு வாங்கினீங்களாமே?"

எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. பீரோவத் திறந்து பிறந்த சர்டிபிகேட்ட எடுத்து நீட்டுனேன். தாயார் பெயர் ஆவுடைத்தாய். பேப்பர்ல இருக்கு. பேப்பருக்கு வாய் கிடையாது, எமனுக்குக் கேக்காது, அதனால பேப்பர்ல இருக்கட்டும்னு விட்டு வச்சிருந்தேன். ஆபீசருக ஒரு மாதிரி சிரிச்சிட்டுப் போயிட்டாக. அந்தப் பொண்ணும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுச்சு. தெரு முச்சூடும் என் மானம் போச்சு. இவன ஆஸ்டல்ல இருந்து வரச் சொல்லி ஏசுனேன் பாரு, கண்ணு மண்ணு தெரியாம ஏசுனேன். அவன் அந்த சர்டிபிகேட்டக் கையில வச்சுக்கிட்டே நின்னான். "இதுல நீதான் அம்மான்னு இருக்கு. அப்ப நீ எனக்கு யாரு? ஒரு தடவ சொல்லிரு"ன்னான்.

நாக்கு நுனியில நிக்கிம்மா. "அம்"முன்னு உதட்ட மூடிட்டேன், தொறக்கணும் அவ்வளவுதான். செந்தில் மூஞ்சி வந்து நின்னுச்சு. "அத்த. வேற யாரு?"ன்னுட்டேன்.

அதுக்கு ஒம்பதாம் நாளு ஆஸ்டல்ல குடிக்கக் கூடாதத எடுத்துக் குடிச்சிட்டான்.

அழல, நான் அழல. நீ பாப்பாவப் பாத்துக்கோ. ஆஸ்பத்திரிக்கு எப்பிடிப் போனேன்னு எனக்கே தெரியல. செருப்புக்கூட போடல. மூக்குலயும் வாயிலயும் குழாய மாட்டிப் போட்டிருக்காக. நர்சு வெளிய வந்து, "பையனோட அம்மா யாரு? உள்ள வாங்க"ங்கா. நீயே சொல்லும்மா. எமன் அந்த வாசல்லயேல்லா நிக்கான்? எத்தன பேர அங்கன இருந்து தூக்கிட்டுப் போறான்? நான் என்ன சொல்லணும்? "நான் பக்கத்து வீட்டுக்காரி"ன்னேன். "அம்மா வரலியா?"ன்னா. "அதுக்கு அம்மா கிடையாது"ன்னேன். எங்க வீட்டுக்காரவுகதான் போய்க் கையெழுத்துப் போட்டாக. மூணாம் நாள் கண்ணு முழிச்சான். அன்னைக்கு நான் அப்பிடிச் சொன்னதுனாலதான் பிழச்சான், இல்லன்னா செந்திலு போன வழியே போயிருப்பான். இப்பவும் நான் அதத்தான் நம்புதேன்.

அந்தக் குழாயோட அவனுக்குக் காது கேட்டுருக்கும்மா. நான் சொன்னது அம்புட்டும் கேட்டுருக்கு. பின்னால அவன் மேடத்துக்கிட்ட சொன்னது வெளிய பெஞ்சில இருந்த எனக்குக் கேட்டுச்சு.

ஆமா, மேடம். ஜெபசீலி மேடம். அவுகதான் இப்பப் பாக்காக. மொத நாளு அவுக கழுத்துல சிலுவையப் பாத்ததும், போச்சு, நம்ம சடங்கு இவுகளுக்கு என்ன வெளங்கப் போவுதுன்னு நெனச்சேன். அஞ்சு வாரம் இவன் வாயே தொறக்கல. அவுகளும் நோண்டல. வெண்டக்காய நறுக்கக் குடுத்தாகளாம், அவுக வீட்டுக்குன்னு வாங்கிட்டு வந்தத. ரெண்டு பேரும் உக்காந்து நறுக்கிக்கிட்டே இருந்திருக்காக. எனக்கு ஆத்திரம். இதுக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வாரேன்?

ஆறாவது வாரம் என்னையத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சாக. தவிட்டப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. "இவனுக்கு முன்னாடி போன பிள்ளைங்க பேரு என்னம்மா?"ன்னு கேட்டாக.

இருபது வருசமா ஒரு ஆளு கேக்கலியே அத! என் வீட்டுக்காரவுக கேக்கல, என் கூடப் பிறந்தவ கேக்கல. "செந்தில்வேல்"னு சொன்னேன். சொல்லிட்டு அந்த மேசையில தலைய வச்சு அழுதேன் பாரு, அவுக ரூம்புக்கு வெளிய கேட்டுருக்கும். வெளிய பெஞ்சில இவன் உக்காந்திருந்தான். அவுக சொன்னாக, "எங்கம்மாவுக்குக் கோயில்ல ஞானஸ்நானத்துல வச்சது வேற பேரு. வீட்டுல குப்பம்மா. அவங்களையும் குப்பையில போட்டு எடுத்தவங்கதான். எனக்குத் தெரியும்மா, இது எவ்வளவு பயத்துல செய்யறதுன்னு."

அன்னைக்கு அவுகள எனக்குப் புடிச்சுப் போச்சு.

போன வாரம் ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சாக. இவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "எனக்குக் காய்ச்சல் வந்தா நீ ஏன் உள்ள வரவே மாட்ட?" நான் என்னத்தச் சொல்ல? "கசாயம் போட்டு அனுப்புனது யாருலே? கஞ்சி காச்சுனது யாரு? உங்கம்மாவா காச்சுனா?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். எனக்கு அந்தச் சிரிப்பு புடிக்கல.

என்ன, வண்டி நின்னுட்டா? ஓ, பனவடலிசத்திரம். டீக்கு நிப்பாட்டியிருக்கான். நீ எறங்குதியா? வேண்டாமா? சரி. பாப்பா தூங்கிட்டா, அசக்காத. அவனும் எறங்குதான் பாரு. ஒண்ணுக்குப் போவான். போயிட்டு வரட்டும்.

இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளு. அதத்தான் சொல்ல வந்தேன், எங்கயோ போயிட்டேன். இவன் முக்கா மணி நேரம் மேடத்தோட பேசிட்டு வெளிய வந்தான். கண்ணு செவந்திருக்கு. அப்புறம் என்னைய உள்ள கூப்பிட்டு மேடம் சொன்னாக. "கனி எங்கிட்டப் பேசறத நான் யாருகிட்டயும் சொல்றது இல்ல. ஒண்ண மட்டும் உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவனே கேட்டிருக்கான்"னாக. என்னன்னு கேட்டேன். "செந்தில்வேல் அண்ணன் செத்ததுக்கு இருபது வருசம் கழிச்சும் அழறதுக்கு ஒரு அம்மா இருக்கா. நான் செத்தா யாரு அழுவா"ன்னு கேட்டானாம்.

அன்னைக்கு நான் அழுதது கேட்டுருக்கு. செத்தவனப் பாத்துப் பொறாமப்படுதானேம்மா, என் வயித்துல பிறந்தது!

மேடம் சொன்னாக, "இந்த வாரம் அவனத் தனியா விடாதீங்க. கண்ணு முன்னாடியே வச்சிக்கோங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க. ஊரறியச் சொல்ல வேண்டாம். கதவச் சாத்திட்டுக் காதுல சொன்னாக்கூடப் போதும்." நான் அவுக கால்ல விழாத கொறைதான். "சொன்னா எமனுக்குத் தெரிஞ்சிரும் மேடம்"னேன். "அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எமன்தான் ஒரு தடவ வந்துட்டுப் போயிட்டானேம்மா. நீங்க சொல்லாதப்பவேதான வந்தான்?"ன்னாக. "மாடத்தி மதினி இருந்தாலும் பரவால்ல, தவிட்டத் திருப்பி வாங்கிக்கிட்டுச் சடங்க முடிச்சிருவேன். இப்ப வித்தவளே இல்லியே"ன்னேன். அதுக்கு அவுக என்ன சொன்னாக தெரியுமா? "வித்தவங்க போயிட்டாங்க. வாங்கினவங்க நீங்க இருக்கீங்க. வாங்கின பொருள் வாங்கினவங்களுக்குச் சொந்தமா இல்லியா? என்னுதுன்னு சொல்ல உங்களுக்குத்தான உரிம?"

இத நான் யோசிக்கவே இல்லம்மா. பதினேழு வருசமா யோசிக்கல. பெத்ததாத்தான சொல்லக் கூடாது? வாங்குனத என்னுதுன்னு சொல்லலாம்லா? சொல்லலாமா? நீ சொல்லு. உனக்கும் பிள்ள இருக்கு, நீ என்ன நெனைக்க?

சொன்னாலும் போயிருவான்னு பயமா இருக்கு. சொல்லலன்னாலும் போயிருவான்னு பயமா இருக்கு. நான் எங்கன போய் முட்டுவேன்? பாளையங்கோட்டையில இருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வாரேன், மனசுக்குள்ள. வீட்டுக்குப் போய்ச் சொல்லிருவோம்னு நெனைக்கேன். சோத்தப் போட்டுட்டுச் சொல்லுவோம். இல்ல, நாளைக்குப் புதன்கெழம நல்ல நாளு, குளிச்சுட்டு…

டிரைவர் வந்துட்டாரு. வண்டி எடுக்கப் போறான். எல்லாரும் ஏறியாச்சா? அவன் ஏறுனானா? நீ பாத்தியா? நான் உங்கிட்டப் பேசிக்கிட்டே… சீட்டுல காணுமே. பை இருக்கு. பை மேல என்னது அது, போனா? போன வச்சிட்டா போயிருக்கான்? கக்கூசுக்குப் போனாலும் கையில வச்சிருப்பானே, போன வச்சிட்டு எதுக்குலே போன?

கண்டக்டரே, விசில் குடுக்காதீக! ஒரு ஆளு ஏறல! டீக்கடையில இல்ல. கக்கூசு பக்கமும் இல்ல. ஏம்மா, நீ இந்தச் சன்னல்ல பாரு, நான் அந்தப் பக்கம்… அந்தா. அந்தா நிக்கான். ரோட்டு ஓரத்துல. ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கான். அங்கிட்டு என்ன இருக்குன்னு அப்பிடிப் பாக்கான்? மணல் லாரியா வருதே, அம்புட்டும் மணல் லாரியா வருதே.

ஏ தம்பி! ஏலே! ஏ பிச்ச! வண்டி எடுக்கப் போறாவலே, வா! திரும்ப மாட்டங்கானே. கேக்குது அவனுக்கு, கேட்டுக்கிட்டே திரும்ப மாட்டங்கான். கால எடுத்து வைக்கான். இன்னொரு கால…

என்னது கண்டக்டரே? யாரா? அவன் யாரா? அது வந்து, பக்கத்து வீ…

என் மவன்! என் மவன்யா அது! நிப்பாட்டுங்கய்யா வண்டிய! ஏ கனி! ஏலே என் மவனே! என் ராசா! அம்மா கூப்பிடுதேன்டா! இங்கிட்டுப் பாரு, அம்மாவப் பாரு! உங்கம்மாடா நான்! நான்தான்டா பெத்தேன் உன்னைய!

லாரி மறைக்கிதே. லாரி மறைக்கிதே, ஒண்ணும் தெரியலியே…

நிக்கான். அங்கனயே நிக்கான். திரும்பிட்டான். என்னையத்தான் பாக்கான்.

அய்யோ, சொல்லிப்புட்டேனே. இம்புட்டுச் சத்தமாவா சொன்னேன்? வண்டியே திரும்பிப் பாக்குது. கடக்காரன் பாக்கான். இவனுக்குக் கேட்டதுக்கு முந்தி அந்த எமனுக்குக் கேட்டுருக்குமே. கேக்கட்டும். கேட்டா கேக்கட்டும். வந்தா எங்கிட்ட வரட்டும், நான் மொதல்ல நிக்கேன், என்னையத் தாண்டிட்டுப் போகட்டும். வாரான் பாரு. நடந்து வாரான். அழுதுக்கிட்டே வாரான், சட்டையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு. சின்னப் பிள்ளையில இப்படித்தான் தொடைப்பான், நான் தூரத்துல நின்னு பாத்திருக்கேன். கண்டக்டரே, ஒரு நிமிசம் பொறுங்க, அவன் ஏறட்டும்.

ஏறிட்டான். ஏம்மா, பாப்பாவத் தூக்கிக்கோ. முன்னால அவன் சீட்டு சும்மாத்தான் கெடக்கு. சன்னலோரம், பிள்ளைக்குக் காத்து வரும். கோவிச்சுக்கிடாத தாயி, மிச்சத்த அவன்கிட்டச் சொல்லிக்கிடுதேன்.

எந்திரிம்மா. என் மவன் உக்காரணும்.